நட் 43 போதுமா? தடித்த விரலும் தந்தி இடைவெளியும்

12 ஜூன் 2023

கேள்வி இப்படி வந்தது: "அண்ணா, ஒன்றரை வருஷமாக அக்கூஸ்டிக் வாசிக்கிறேன். நட் 43 மி.மீ. எனக்கு விரல் தடிமன். ஏ கார்ட் பிடித்தால் மூன்று விரலும் இரண்டாம் ஃப்ரெட்டில் முட்டிக்கொள்கின்றன, ஒன்றாம் தந்தி ஒலிக்காமல் செத்துப்போகிறது. 44.5 நட் உள்ள கிட்டார் வாங்கினால் சரியாகுமா? இல்லை, பேசாமல் நைலான் தந்தி கிளாசிக்கலுக்கே போய்விடவா?"

12 ஜூன், இரவு

முதலில் பர்ஸை மூடுங்கள், தம்பி.

புதியவர்களுக்கு: நட் என்பது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் கட்டை, 43 அதன் அகலம். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. கார்ட் என்பது பல தந்திகளை ஒன்றாக அழுத்தும் பிடி; ஏ கார்டுக்கு இரண்டு, மூன்று, நாலாம் தந்திகள். 43க்கும் 44.5க்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ. ஆறு தந்திக்கு நடுவே இருப்பது ஐந்து இடுக்கு. ஒன்றரையை ஐந்தால் வகுத்தால் ஓர் இடுக்குக்கு 0.3 மி.மீ. கூடுகிறது. மூன்று ஜெராக்ஸ் தாளை அடுக்கினால் வருகிற கனம். அதற்கா இருபதாயிரம்?

என் விரலும் தடிமன்தான். கோயம்புத்தூரில் லேத் பட்டறை, இருபத்திரண்டு வருஷம். இந்த விரலை வைத்துக்கொண்டு சர்ச் குவயரில் வாராவாரம் வாசிக்கிறேன். ஆகவே குறை விரலில் இல்லை.

14 ஜூன்

ராத்திரி எழுதியதைக் காலையில் படித்தால் கொஞ்சம் திமிராகத் தெரிந்தது. பட்டறையிலிருந்து வெர்னியரை (மி.மீ.யின் பின்னத்தையும் அளக்கும் கருவி) வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டில் இருக்கிற மூன்று கிட்டாரையும் அளந்தேன். அளந்தபிறகு என் முந்தாநாள் கணக்கே பாதிதான் சரி என்று தெரிகிறது.

இப்போது வாசிக்கிற ஸ்டீல் தந்தி கிட்டார்: நட்டின் மர அகலம் 42.9. ஒன்றாம் தந்தியின் நடுவிலிருந்து ஆறாம் தந்தியின் நடு வரைக்கும் 36.0. ஐந்தால் வகுத்தால் 7.2.

மச்சானின் கிளாசிக்கல்: நட் 52, தந்திக்குத் தந்தி மொத்தம் 43. ஓர் இடுக்குக்கு 8.6. இது வேறு ஜாதி. விரலை ஊன்றுவதற்கு இடம் தாராளம், ஆனால் ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பார் கார்ட் பிடிக்கும்போது ஆள்காட்டி விரல் இழுத்துக்கொள்கிறது.

மூன்றாவதுதான் விஷயம். நான் 1996இல் கற்றுக்கொண்ட கல்கத்தா கிட்டார். கம்பெனி பெயர் வேண்டாம், சித்தப்பா ஆசையாக வாங்கித் தந்தது. நட் 43.2. தந்திகளோ ஒன்றிலிருந்து ஆறுக்கு 38.4! அதாவது ஓர் இடுக்குக்கு 7.7. இப்போது கடையில் 44.5 என்று சொல்லி விற்கிற கிட்டார்களில் பலவற்றுக்கு மொத்தம் 38தான். என் பழைய பெட்டி 43 நட்டிலேயே அதைவிட விசாலம்.

அப்படியானால் அதுதான் வாசிக்கச் சுகமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மூன்றிலும் அதுதான் நரகம். காரணம் ஓரம். தந்திகளை அவ்வளவு பரப்பி வைத்ததால் ஒன்றாம் தந்திக்கும் மர விளிம்புக்கும் நடுவே 2.4 மி.மீ.தான் மிச்சம், அதிலும் ஃப்ரெட் நுனியைச் சரித்து ராவியிருக்கிறார்கள். புல்-ஆஃப் (அழுத்திய விரலாலேயே தந்தியைச் சுண்டி ஒலிக்கவைப்பது) செய்யத் தந்தியைக் கீழ்ப்பக்கம் சுண்டினால் தந்தி ஃப்ரெட்டை விட்டு வழுக்கி வெளியே போய்விடும். எட்டு வருஷம் என் விரல்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதைய கிட்டாரில் அந்த ஓரம் 3.4க்கு மேல். ஒரு மி.மீ.தான் அதிகம், ஆனால் தந்தி விழுவதில்லை.

ஆகவே தம்பி, பெட்டியில் போட்டிருக்கிற 43, 44.5 எல்லாம் மரத்தின் அகலம். தந்தி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. ஒன்றரையை ஐந்தால் வகுத்தேனே, அது இரண்டு கிட்டாரிலும் ஓரம் சமமாக இருந்தால் மட்டும் பொருந்தும் கணக்கு.

15 ஜூன்

புதிதாக வந்த ஒருவர் 'நட்' என்றால் சரியாக எது என்கிறார். தலைப்பக்கம், முடுக்கிகளுக்குக் கீழே, தந்திகள் பள்ளத்தில் உட்கார்ந்து போகும் வெள்ளைக் கட்டை. பிளாஸ்டிக்கில் இருக்கும், நல்லதில் எலும்பு. இதை நேற்று பட்டறையில் விளக்கினேன். "நாற்பத்து மூணு எம்.எம். நட்டா? போல்ட் எங்கே?" என்று கேட்டார் மாஸ்டர். இன்று காலையில் வந்ததும் ஸ்பேனரைக் கையில் கொடுத்து, "உங்க கிட்டாருக்கு" என்றார்.

18 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது தோன்றியது. புது கிட்டார் வாங்காமலே 44.5ஐச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒரே இடத்தில் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) எடுத்து இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டுங்கள்.

தந்திகள் இணையாகப் போவதில்லை. நட் பக்கம் நெருக்கமாகப் புறப்பட்டு, பிரிட்ஜ் (கிட்டார் உடல்மேல் தந்திகள் முடியும் கட்டை) பக்கம் விரிந்து போய்ச் சேர்கின்றன. என்னுடையதில் நட்டில் 36, பிரிட்ஜில் 54. பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தி நீளத்தின் சரிபாதி, அங்கே 45. இரண்டாம் ஃப்ரெட் என்பது நட்டிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் தள்ளி. 18இல் 11 சதவீதம் 2 மி.மீ. ஆக, அங்கே 38. 44.5 நட்டில் கிடைக்கும் அதே இடைவெளி. கேப்போ போட்டுக்கொண்டு அதே ஏ கார்ட் வடிவத்தைப் பிடியுங்கள். தந்தி சாகிறதா, பிழைக்கிறதா என்று வந்து சொல்லுங்கள்.

150 ரூபாய் கேப்போவில் இருபதாயிரத்தை மிச்சம் பிடித்துக்கொடுத்த எனக்கு ஒரு டீயாவது வாங்கித் தர வேண்டும்.

20 ஜூன்

டீ வேண்டாம். தம்பி செய்துபார்த்துவிட்டு "இன்னும் மோசம், அண்ணா" என்கிறார். நானும் வீட்டில் செய்துபார்த்தேன், எனக்கும் அப்படித்தான்.

அகலத்தை மட்டும் பார்த்தேன், நீளத்தை மறந்துவிட்டேன். 648 மி.மீ. தந்தி நீளத்தில் இரண்டாம் ஃப்ரெட்டின் கட்டம் 34 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இரண்டில் கேப்போ போட்டால் அந்த இடத்துக்கு நாலாம் ஃப்ரெட்டின் கட்டம் வரும், அது 30.6. ஏ கார்டில் மூன்று விரலும் ஒரே கட்டத்துக்குள் நிற்க வேண்டும். குறுக்கே ஓர் இடுக்குக்கு 0.4 மி.மீ. கொடுத்துவிட்டு, நெடுக்கே மூன்றரை மி.மீ.யைப் பிடுங்கிக்கொண்டேன். போதாததற்குக் கழுத்தும் மேலே போகப் போகத் தடிக்கிறது.

முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். டி கார்ட், சி கார்ட் மாதிரி விரல்கள் வேறு வேறு கட்டத்தில் நிற்பவற்றுக்கு இந்தச் சோதனை ஓரளவு பேசும். ஏ கார்டுக்குப் பேசாது. கேட்டவர் ஏ கார்டைத்தான் கேட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

25 ஜூன்

வீணை வாசிப்பவர்கள் இப்படியெல்லாம் புலம்புவதில்லையே என்று ஒருவர் குத்துகிறார். எதிர் வீட்டு மாமி வீணை சொல்லித்தருகிறார், அவரிடமே கேட்டேன். "ஒரு நேரத்துல ஒரு தந்திதானே? பக்கத்துத் தந்தியைப் பத்தி நான் ஏன் கவலைப்படணும்?" என்றார். சரிதான். இடதுகையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதிலேயே கமகம். அவருக்குத் தேவை இழுப்பதற்கு இடம். நமக்கு நாலு விரலை ஒரே நேரத்தில் ஊன்றி நிறுத்த இடம் வேண்டும். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க முயல்கிறவர்களுக்கும் முதல் தேவை மாமி சொன்னதுதான். நட் 43ஆ 44.5ஆ என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

2 ஜூலை

வலதுகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

குவயரில் எலக்ட்ரிக் வாசிக்கும் பையன் ஒருவன் பிக் (தந்தியை மீட்டும் சில்லு) பிடிப்பதை விட்டுவிட்டு விரலால் மீட்டக் கற்றுக்கொள்கிறான். அவன் கிட்டாரில் பிரிட்ஜ் பக்கம் ஒன்றிலிருந்து ஆறுக்கு 52.4. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் என்கிற எலக்ட்ரிக் கிட்டாரின் பழைய அளவு பிரிட்ஜ் என்றால் 56.4 இருக்கும், ஃபெண்டரே 1980களின் பின்பாதியில் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் மாடலில் இந்தக் குறுகிய அளவுக்கு வந்தது. ஓர் இடுக்குக்கு 10.5க்கும் 11.3க்கும் உள்ள வித்தியாசம். பிக்குக்கு 10.5 நல்லது, கை குறைவாகப் பயணம் செய்யும். விரலுக்கு அது நெருக்கடி, நகம் பக்கத்துத் தந்தியில் உரசும். கிளாசிக்கலில் 58 வைப்பதும் அதனால்தான். நைலான் தந்தி இழுவிசை குறைவு, அதிர்வில் அதிகம் அலையும், அதற்கும் இடம் வேண்டும்.

பையனுக்கு என்ன சொன்னேன்? கையை ஃப்ரெட் பலகைப் பக்கம் நகர்த்தாதே, பிரிட்ஜ் பக்கம் கொண்டுவா, அங்கேதான் விரிந்திருக்கும் என்றேன். ஒரு வாரம் கழித்து வந்தான். "இடம் இருக்கு அங்கிள், ஆனா தகரம் தட்டற மாதிரி சத்தம் வருது." அதுவும் உண்மை. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்தி விறைப்பாக இருக்கும், ஓசை கூர்மையாகிவிடும். பாட்டுக்கு நடுவே குவயர் டீச்சர் திரும்பிப் பார்த்தாராம்.

9 ஜூலை

மழை, பட்டறையில் கரண்ட் இல்லை. ஆகவே கொஞ்சம் பழங்கதை.

இந்த 44.5, 43 எல்லாம் எந்த விஞ்ஞானி கண்டுபிடித்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் யாரோ ஒருவரின் பழக்கம்தான். 1929இல் பெர்ரி பெக்டெல் என்கிற பாஞ்சோ வாத்தியக்காரர் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனியிடம் போய், உடலுக்கு வெளியே கூடுதல் ஃப்ரெட்டும் ஒல்லியான கழுத்தும் உள்ள கிட்டார் கேட்டார். அதுவரை அவர்கள் கழுத்து 46, 47 மி.மீ. என்று அகலமாக இருந்தது. பாஞ்சோவின் ஒல்லிக் கழுத்தில் வளர்ந்த கைக்கு அது பலகை மாதிரி இருந்திருக்கும். அவருக்காகப் பிறந்ததுதான் ஓ.எம். மாடல், நட் 44.5. பத்து வருஷத்தில் 1939 வாக்கில் அதையும் குறுக்கி 43க்கு வந்தார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் அவர்களின் டி-28 மாடலுக்கு அதுதான் அளவு. 2017இல் அதே டி-28ஐ மறுபடி 44.5 ஆக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் மனிதர்களின் விரல் சுருங்கி மீண்டும் வீங்கியதா என்ன?

கிப்சன் கிட்டார் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. 1965இலிருந்து சில வருஷம் 39.7 மி.மீ. கழுத்து. பழைய கிட்டார் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்த வருஷத்துக் கிட்டார் என்றால் முதலில் நட்டைத்தான் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட அதிசயம் ரிக்கன்பேக்கர் கம்பெனி. 1964இல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போன 360/12 மாடலில் பன்னிரண்டு தந்தி, நட் ஏறக்குறைய 41 மி.மீ.! ஒரே விரலால் இரண்டு இரண்டு தந்தியாக அழுத்த வேண்டும், அதுவும் நம் ஆறு தந்திக் கழுத்தைவிட ஒடுங்கிய கழுத்தில். அந்த மனிதர் "என் விரல் தடிமன்" என்று எங்கும் கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. பின்னாளில் ராக் பாடகர் டாம் பெட்டி பெயரில் வந்த 660/12இல் கழுத்தை அகலமாக்கினார்கள், அது தனிக்கதை.

தம்பிக்கு: நீங்கள் இதற்கு முன்னால் என்ன வாசித்தீர்கள்? யூகலேலே? கீபோர்டு? கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதற்கு எது சுகம் என்று சொல்ல முடியும்.

10 ஜூலை

"கிரிக்கெட்" என்று பதில் வந்திருக்கிறது.

22 ஜூலை

சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே கை அரித்தது. என் கிட்டாருக்குப் புது நட் நானே செய்யப்போகிறேன்.

தெரிந்த கறிக்கடையில் மாட்டுக் கால் எலும்பு, நடுத்துண்டு, சும்மாவே கொடுத்தார். கொழுப்பு போக வேக வைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் வைத்தது என் தப்பு. சனிக்கிழமை மத்தியானம், மூடி போட்ட பாத்திரம். வீட்டம்மா சூப் என்று நினைத்துக் கரண்டியை விட்டுக் கலக்கிவிட்டார். உள்ளே உப்பு இல்லை, பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தூள்தான் இருந்தது. மீதிக் கொதி மொட்டை மாடியில், செங்கல் அடுப்பில் நடந்தது. பாத்திரமும் இனி மாடியில்தான்.

23 ஜூலை

எலும்பு வெயிலில் காய்கிறது. அதற்குள் பள்ளங்களை எங்கே வெட்டுவது என்று கணக்குப் போட்டேன். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் பழைய பிளாஸ்டிக் நட்டில் தந்திகளின் நடுவிலிருந்து நடுவுக்குச் சமமாக 7.2 வைத்திருந்தார்கள். பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் தந்திகள் ஒரே தடிமன் இல்லையே. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் சம தூரத்தில் மூன்று ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணிக்கு நேராக ஒருவர் நடு முதுகு வர வேண்டும் என்று உட்காரவைத்தால், இரண்டு குண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தோள் இடிக்கும். ஒல்லிகள் பக்கம் காற்றாடும். கண்டக்டர் என்ன செய்வார்? "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று தோளுக்கும் தோளுக்கும் நடுவே இடத்தைச் சமமாக்குவார்.

என் தந்திகள் 12–53 செட் (ஒன்றாவதும் ஆறாவதும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது). ஆறாவது 1.35 மி.மீ. தடிமன், ஐந்தாவது 1.07. நடுவுக்கு நடு 7.2 என்றால் இரண்டுக்கும் இடையே வெறும் இடம் 6.0தான். மெல்லிய ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே 6.8. கிட்டத்தட்ட 0.8 மி.மீ. பாரபட்சம். மொத்தம் 36ஐ மாற்றாமல் இடுக்குகளை மட்டும் சமமாக்கினால் எல்லாம் 6.45 ஆகிவிடும். அப்படித்தான் வெட்டப்போகிறேன். தெரிந்தவர்கள் இதற்கென்றே சாய்வாகக் குறியிட்ட ஸ்கேல் வைத்திருப்பார்கள். என்னிடம் வெர்னியர் இருக்கிறது.

30 ஜூலை

முடிந்தது. அழுதும் முடிந்தது.

பள்ளம் ராவ இதற்கென்று உள்ள அரம் செட் விலை கேட்டு மயக்கம் வந்தது. பட்டறையில் கேஸ் வெல்டிங் முனை சுத்தம் பண்ணுகிற கம்பி அரங்கள் இருக்கின்றன, பென்சில் முனை கனத்திலிருந்து ஊசி கனம் வரை. அதையே எடுத்துக்கொண்டேன். நன்றாகவே வெட்டியது, கொஞ்சம் அதிகமாகவே. மூன்றாம் தந்தியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. தந்தி மாட்டி, எங்கும் அழுத்தாமல் வெறுமையாக மீட்டினால் முதல் ஃப்ரெட்டில் தட்டி 'ஜிர்ர்' என்கிறது, பழைய ஃபிரிட்ஜ் மாதிரி.

வைத்தியம்: பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டு ஃபெவிகுவிக். நொடியில் கல்லாகிவிடும். அப்புறம் மெதுவாக, இந்த முறை நிஜமாகவே மெதுவாக, ராவினேன். சோடா எடுக்கச் சமையல்கட்டுக்குள் போனபோது எனக்குக் கிடைத்த பார்வையை விவரிக்க வேண்டாம்.

ஆனால் பலன்! ஏ கார்ட் வெண்ணெய். ஒன்றாம் தந்தி மணி மாதிரி ஒலிக்கிறது. எஃப் பார் பிடித்துப் பத்து நிமிஷம் இருக்க முடிகிறது. இடுக்குகளைச் சமமாக்கியதன் மகிமை. தம்பி, கிட்டார் வாங்காதீர்கள், நட்டை மாற்றுங்கள்.

3 ஆகஸ்ட்

ஒருவர் அமைதியாக ஒரே வரி கேட்டிருக்கிறார்: "உங்கள் கணக்குப்படி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே 6.8 இருந்தது 6.45 ஆகக் குறைந்திருக்கிறதே, பிறகு எப்படி ஒன்றாம் தந்தி பிழைத்தது?"

மூன்று தடவை படித்தேன். அவர் சொல்வது சரி. ஏ கார்டில் சாகிற தந்தி ஒன்றாவது, அதைக் கொல்வது இரண்டாம் தந்தியில் நிற்கிற விரல். அந்த இடுக்கை நான் சுருக்கியிருக்கிறேன். மோசமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

யோசிக்கிறேன்.

6 ஆகஸ்ட்

மகளுக்குப் பதினொரு வயது. விரல் முருங்கைக்காய் பிஞ்சு. போன மாதம் அதே கிட்டாரில், பழைய நட்டில், அவளும் ஏ கார்ட் பிடித்தாள், அவளுக்கும் ஒன்றாம் தந்தி செத்தது. அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன். தடிமன்தான் காரணம் என்றால் அவளுக்கு ஏன் சாக வேண்டும்?

வெர்னியரை எடுத்து என் மோதிரவிரல் நுனியை அளந்தேன். தந்தி மேல் லேசாக வைத்தபோது 13.5. பழைய நட்டில் ஓசை வருவதற்கு எவ்வளவு அழுத்துவேனோ அவ்வளவு அழுத்தினால் 15.8. சதை பிதுங்கி இரண்டு பக்கமும் ஒரு மி.மீ.க்கு மேல் பரவுகிறது. நான் இவ்வளவு நாள் 0.3 மி.மீ.க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் அவ்வளவு அழுத்த வேண்டியிருந்தது? பழைய நட்டில் பள்ளங்கள் மேலோட்டமாக வெட்டியிருந்தார்கள், தந்தி உயரத்தில் நின்றது. சோதிக்கும் வழி: தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். மயிரிழை இடம் இருந்தால் போதும். பழைய நட்டில் அங்கே விசிட்டிங் கார்டு சுலபமாக நுழையும். புது நட்டை வெட்டும்போது தெரியாத்தனமாக ஆழமாக்கி, சோடாவால் நிரப்பி, பயந்து பயந்து ராவி, கடைசியில் சரியான உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். பாராட்டை மட்டும் இடைவெளிக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை உறுதிப்படுத்த வேண்டும் அல்லவா. பழைய பிளாஸ்டிக் நட்டைக் குப்பையிலிருந்து எடுத்து, அடிப்பாகத்தை எமரித் தாளில் 0.3 மி.மீ. தேய்த்து, மறுபடி மாட்டினேன். இடைவெளி அதே பழைய 7.2. உயரம் மட்டும் குறைந்திருக்கிறது. ஏ கார்ட் பிடித்தேன்.

வெண்ணெய்.

மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் ஒலித்தது. "இதுக்கா ஒரு மாசம் மாடியில எலும்பு வேக வெச்சீங்க?" என்றாள்.

7 ஆகஸ்ட்

அதற்காக இடைவெளிக்கு அர்த்தமே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு நட்டையே திரும்ப மாட்டிவிட்டேன், ஏனென்றால் தடித்த தந்திகள் பக்கம் இப்போது நிஜமாகவே நெருக்கடி இல்லை. ஆறாம் தந்தியில் விரல் வைத்தால் ஐந்தாவது ஊமையாவது நின்றுவிட்டது. ஓரத்தைப் பற்றி 14 ஜூனில் எழுதியது அப்படியே நிற்கிறது. கிளாசிக்கலின் 8.6 ஓர் இடுக்குக்கு 1.4 மி.மீ. அதிகம், அது எந்தக் கைக்கும் தெரியும். மாறியது ஒன்றுதான்: 43ஆ 44.5ஆ என்று கேட்பதற்கு முன்னால் விசிட்டிங் கார்டை எடுங்கள்.

ஏ கார்டுக்கு மூன்று விரல் கட்டாயம் என்றும் யாரும் சட்டம் போடவில்லை. ஆள்காட்டி விரலைச் சாய்த்து மூன்று தந்தியையும் ஒன்றாக அமுக்கலாம், ஒன்றாம் தந்தி செத்தால் சாகட்டும், அதை மீட்டாமல் விட்டுவிடுங்கள். நகத்தையும் வெட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் விரல் நேராக நிற்காமல் படுத்துக்கொள்ளும். கிரிக்கெட் ஆடுகிறவருக்கு நகம் இருக்காது என்று நினைக்கிறேன்.

20 ஆகஸ்ட்

தம்பி வாங்கிவிட்டார். 44.5 நட். "ரொம்ப சுகமா இருக்கு அண்ணா, நீங்க சொன்னது தப்பு" என்று சிரிக்கும் பொம்மை போட்டிருக்கிறார்.

சந்தோஷம். ஒன்றாம் தந்தி நடுவிலிருந்து ஆறாம் தந்தி நடு வரை அளந்து சொல்லுங்கள் என்றேன். ஸ்கூல் ஸ்கேலில் வைத்து, "36க்கும் 37க்கும் நடுவுல" என்கிறார். பழையதில்? "36." மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி, முதல் ஃப்ரெட்டில் விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்றேன். புதியதில் நுழையவில்லை. பழையதில் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து நுழைத்தாராம், போயிற்றாம்.

பழைய கிட்டாரை விற்கவேண்டாம், தம்பி. அடுத்த மாதம் திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். எமரித் தாளோடு வருவேன்.

22 ஆகஸ்ட்

மிச்ச எலும்பில் ஒரு துண்டு கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாடியில் காயவைத்த பாதி எலும்பைக் காணவில்லை. கீழே தெருநாய் ஒன்று கேட்டோரத்தில் படுத்திருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பாடு வைத்தால்கூட எழுந்து வருவதில்லை.

அடுத்த வாரம் கறிக்கடைக்குப் போகிறேன். வேக வைக்க யாராவது இடம் கொடுங்கள்.